தபாலட்டையில் ஒரு வாக்கு

ஆண்டு முடியுந் தறுவாயில், அவ்வாண்டில் வெளிவந்த இசைத்தொகுப்புகளுள் தமக்கு உவப்பானவை எவையென இசையன்பர்கள் நிரற்படுத்திப் பார்ப்பது இன்று உலகெங்கும் வழக்காகிவிட்டது. இதனை வெறும் பொழுதுபோக்கெனக் கருதி ஒதுக்குவோர் உளர். ஆயின், தேர்ந்தெடுப்போர் யாவர், எவற்றினின்று தேர்ந்தெடுக்கின்றனர், வந்த வாக்கை எண்ணுவோர் யாவர் என்னும் மூன்று வினாக்களை நாம் எழுப்புவோமாயின், இப்பொழுதுபோக்கே சமுதாய வரலாற்றுக்குரிய பொருளாகிவிடுகிறது. இலங்கை வானொலியையும் கேகாலை மாவட்டத்துப் புளத்கொகுபிட்டிய போன்ற தோட்டப்புற ஊர்களையும் மனத்திற் கொண்டு இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

'ஆல்பம்' என்னும் சொல்லே ஒரு வரலாற்றைச் சுமந்து நிற்கிறது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட இசையே பெரும்பாலும் அடங்கும். நீண்டதோர் இசையை விற்பதாயின், பல தட்டுகளைப் புத்தகம்போற் கட்டிய உறைகளிலிட்டே விற்கவேண்டியிருந்தது. அந்தப் புத்தகமே ஆல்பம் எனப்பட்டது. 1948இல் நீண்டநேர இசைத்தட்டு வந்தபின் புத்தகம் மறைந்தது. பெயர் மட்டும் எஞ்சியது. பாடல்களைத் தரப்படுத்தும் வழக்கமும் வணிகத்தின் குழந்தையே. அமெரிக்க வானொலியில் 1935இல் தொடங்கிய புகழ்பெற்ற பாடல் வரிசை நிகழ்ச்சியைச் சிகரெட் நிறுவனமொன்று நடத்திற்று. 1940இல் 'பில்போர்ட்' இதழ் இசைத்தட்டு விற்பனையை அடிப்படையாகக் கொண்ட பட்டியலை வெளியிடத் தொடங்கியது. பாடலின் சிறப்பும் பாடலின் விற்பனையும் ஒன்றே என்னும் எண்ணம் இவ்வாறாகவே வேரூன்றியது.

நமது பகுதியில் இவ்வழக்கம் கொழும்பிலிருந்து பரவியது. 1925இல் முறையாகத் தொடங்கிய கொழும்பு வானொலி, 1949இல் இலங்கை வானொலி என்னும் தனித் திணைக்களமாயிற்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியப் படையினரின் தேவைக்கெனத் திட்டமிடப்பட்ட சிற்றலை ஒலிபரப்பி அதற்கு வாய்த்திருந்தமையால், அதன் குரல் கடல்கடந்து ஒலித்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கப்பட்டது. ஈராண்டு கழிந்து, இந்திய ஒலிபரப்புத்துறை அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், திரையிசை மக்களின் சுவையைக் கெடுக்குமெனக் கருதி, அகில இந்திய வானொலியில் அதற்கு இடங்கொடுக்க மறுத்தார். தம் வானொலி மறுத்ததை இந்திய மக்கள் கொழும்பிலிருந்து கேட்கலாயினர். அரசாங்கம் ஆணையிட்டுச் சுவையை வளர்க்க முனைந்தால் மக்கள் அலைவரிசையை மாற்றிக்கொள்வர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. 1957இல் இந்திய வானொலி 'விவித பாரதி'யைத் தொடங்கியமை இத்தோல்வியை ஒப்புக்கொண்டதற்கு நிகராகும்.

1952 டிசம்பரில் கொழும்பு வானொலியில் 'பினாகா கீத்மாலா' என்னும் இந்தி நிகழ்ச்சி தொடங்கிற்று. பற்பசை விற்கும் நிறுவனம் பொருளுதவிற்று, அமீன் சயானி பம்பாயில் ஒலிப்பதிவு செய்தார், கொழும்பு ஒலிபரப்பியது. முதலில் ஏழு பாடல்களை ஒலிபரப்பி, அவற்றை உரிய வரிசைப்படி எழுதியனுப்புமாறு நேயரிடம் கேட்கப்பட்டது. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் குவிந்தன என்பது சயானியின் கூற்று. விரைவில் அது தரவரிசை நிகழ்ச்சியாக மாறியது. இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கோடு, ஊர்தோறும் தோன்றிய நேயர் மன்றங்களின் வாக்கும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. ஆண்டு முடிவில் அவ்வாண்டின் பாடல்கள் வரிசைப்படுத்தப்பட்டன. 1953ஆம் ஆண்டின் வரிசையில் 'அனார்கலி' திரைப்படப் பாடலொன்று முதலிடம் பெற்றது. தட்டு வாங்க வசதியற்றவனும் தபாலட்டை வாங்க வல்லவனாயின் தன் விருப்பத்தைக் கணக்கில் ஏற்றலாம் என்னும் நிலை இவ்வாறு தோன்றிற்று.

தமிழ் வர்த்தக சேவையும் இக்காலத்திலேயே வளர்ந்தது. எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் தமிழகத்திலும் வீட்டுக்குரலாயிற்று. 'நேயர் விருப்பம்' என்னும் நிகழ்ச்சியில் பாடலைவிட அதனை விரும்பிக் கேட்டோரின் பெயர்ப்பட்டியலே நீண்டு செல்வதுண்டு. அப்பெயர்ப்பட்டியலை நகைப்புக்குரியதாகக் கண்டோர் பலர். நாம் அவ்வாறு காண்பதற்கில்லை.

புளத்கொகுபிட்டிய, எட்டியாந்தோட்டை, தெரணியகலை என்னும் ஊர்களைச் சூழ்ந்த சரிவுகளில் தேயிலையும் இறப்பரும் அடுத்தடுத்து வளர்கின்றன. மத்திய மலைநாட்டின் பெருந்தோட்டங்களைப் போலன்றி, இங்கே சிங்களக் கிராமமும் தமிழ்த் தொழிலாளரின் லயமும் ஒன்றையொன்று பார்த்தபடி கிடக்கின்றன. விடியுமுன் பால்வெட்டப் போகும் தொழிலாளி, துரை பங்களாவின் வானொலியையோ கடைவீதித் தேநீர்க்கடையின் வானொலியையோ எட்டநின்றே கேட்கவேண்டியிருந்தது. லயங்களில் மின்சாரமில்லை. மின்கலத்தில் இயங்கும் திரான்சிஸ்டர் பரவிய பின்னரே பாட்டு லயத்துக்குள் நுழைந்தது.

இம்மக்களுக்கு வாக்கு என்பது யாது? 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரி வேட்பாளர்களுக்குத் துணைநின்றது. ஆளும் வர்க்கம் இப்பாடத்தை மறக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1949இல் தேர்தற்சட்டம் திருத்தப்பட்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்களுக்கென ஒரு பிரதிநிதியும் பாராளுமன்றத்துக்குச் செல்லவில்லை. அதே ஆண்டின் இறுதியில், அதே கொழும்பிலிருந்து, பாடல்களுக்கு வாக்களிக்க வாருங்கள் என்னும் அழைப்பு வான்வழியே கிளம்பிற்று. நாட்டை ஆள்வோரைத் தெரிவுசெய்யும் உரிமை பறிக்கப்பட்ட மக்களுக்குப் பாடலைத் தெரிவுசெய்யும் உரிமை எஞ்சியிருந்தது.

இதனை ஏளனமாக நாம் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளிக்குத் தனி முகவரி கிடையாது. அவனுக்கு வரும் கடிதம் தோட்டத்துரையின் அலுவலகம் வழியாகவே அவனை அடையும். சம்பளப் பதிவேட்டில் அவன் ஓர் எண். அரசாங்கப் பேரேட்டில் நாடற்றவன். அத்தகையவனின் மகனோ மகளோ தன் பெயரையும், தாய் தந்தையர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும் தபாலட்டையில் எழுதியனுப்ப, மலைநாட்டுத் தோட்டங்களின் பெயர்கள் வானொலியில் ஒலித்தன. 'இன்னார் இவ்விடத்தில் வாழ்கிறார்' என்று அரசாங்கத்தின் வானொலியே அறிவித்தது. அந்த அரசாங்கத்தின் சட்டமோ அதனை மறுத்தது. பெயர்ப்பட்டியலின் நீளத்தைக் கண்டு நகைத்தோர் இம்முரண்பாட்டைக் காணத் தவறினர்.

ஆயினும், இத்தேர்தலை நாம் மிகைப்படப் புகழ்வதற்குமில்லை. வாக்களிக்கும் உரிமை மக்களிடம் இருந்தது. வேட்பாளரை நிறுத்தும் உரிமையோ படமுதலாளியிடமும் இசைத்தட்டு நிறுவனத்திடமும் இருந்தது. தட்டில் ஏறாத பாட்டு பட்டியலிலும் ஏறாது. மாசிமாதத்தில் தப்பொலியோடு ஆடப்படும் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அருச்சுனன் தபசும் இம்மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்துகொண்ட இசையன்றோ? கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், தோட்ட மக்களின் துயரை அவர்கள் அறிந்த மெட்டுகளிற் பாட்டாக்கி, கூட்டங்களிற் பாடினார். 1940இல் அவற்றை நூலாகவும் வெளியிட்டார். 1947இல் தலவாக்கலையின் பிரதிநிதியாகப் பாராளுமன்றஞ் சென்ற சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். இவற்றுள் எதற்கும் எந்தப் பற்பசை நிறுவனமும் வரிசையெண் வழங்கவில்லை. எண்ணப்படாதது இல்லாததாகிவிடுமோ?

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை இம்மக்களையே எண்ணிப் பங்கிட்டது. 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் 1974இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இப்பங்கீட்டில் எவரிடமும் விருப்பக் கடிதம் கேட்டு எண்ணிக்கை வகுக்கப்படவில்லை. தலைமன்னாரில் கப்பலேறியோர் நீலகிரித் தேயிலைக்குச் சென்றனர். எஞ்சியோருட் பலர் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை காத்திருந்தனர். பாடலுக்கு அளித்த வாக்கை ஏற்ற காலம், தம் நாட்டைக் குறித்து அவர்கள் சொல்லவிருந்ததைக் கேட்க மறுத்துவிட்டது.

தபாலட்டையின் காலம் கழிந்தது. இன்று கைப்பேசியில் ஒரு பாடலைக் கேட்ட கணமே எங்கோ ஒரு கணிப்பொறி அதனை எண்ணிக்கொள்கிறது. விருப்பத்தை எழுதியனுப்பும் உழைப்பும், பெயரைச் சொல்லும் பெருமிதமும் அங்கே இல்லை. எண்ணுவோர் மாறினர், எண்ணிக்கையாலே இலாபம் அடைவோர் என்னும் நிலை மாறவில்லை.

எனவே ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யத்தக்க பணியொன்றுண்டு. ஆண்டின் சிறந்த இசை எதுவென வகுப்பில் வாக்கெடுங்கள்; அது நல்ல பயிற்சியே. அதனோடு, பட்டியலில் இடம்பெறாதவை எவை என்பதையும் கேளுங்கள். புளத்கொகுபிட்டியவின் லயங்களில் இன்னும் வாழும் முதியோரிடம் சென்று அவர்தம் பாடல்களையும், பாடியவர் பெயரையும், தோட்டத்தின் பெயரையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். பெயரோடு எழுதப்பட்ட பாட்டை இல்லையென்று சொல்லும் துணிவு எந்தப் பேரேட்டுக்கும் எளிதில் வாராது.