கயிறு அறுந்தால் பிடிப்பது எது?

'பழனியில் ரோப்கார் இன்று இயங்காது.' மாதம் ஒருமுறை பேப்பரில் வருகிற சின்னச் செய்தி. படியேற முடியாத பாட்டியைக் கூட்டிக்கொண்டு அன்றைக்குப் போய் நின்றவர்களுக்கு எரிச்சலாத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, இந்த பிரேக் விவகாரத்தைப் படிக்கிற வரை.

பழனி மலையில் முதல் இழுவை ரயில் (பேச்சில் 'விஞ்ச்') ஓடத் தொடங்கியது 1966-ல். 1982, 1988-ல் இன்னும் இரண்டு வந்தன. மேலே மின்மோட்டார் இரும்புக் கயிற்றைச் சுற்ற, பெட்டி தண்டவாளத்தில் ஏறும்.

ஆபத்து வந்தால்தான் பிரேக் போடுவார்கள் என்று நினைப்போம். இந்த மாதிரி இயந்திரங்களில் கதை தலைகீழ். சுருள்வில் எப்போதும் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்கும். கரண்ட்தான் அதை விலக்கி வைத்திருக்கும். கரண்ட் போச்சா, பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆள் ஓடிவந்து எதையும் இழுக்க வேண்டியதில்லை.

சரி, கயிறே அறுந்தால்? மேலே உருளையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தும் பிரயோஜனமில்லை. பிரேக் பெட்டியிலேயே இருந்தாகணும். 1854-ல் நியூயார்க் கண்காட்சியில் எலிஷா ஓடிஸ் காட்டியது இதைத்தான். லிப்ட் மேடையில் தான் நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். இழுவிசை போனதும் வில் விரிந்து, பக்கத்துச் சட்டத்தின் பற்களைக் கவ்வியது. மேடை கொஞ்சம் இறங்கி நின்றுவிட்டது.

ஆனால் பெட்டியில் பிரேக் இருந்தால் மட்டும் போதாது, அதற்கு முழு எடையையும் தாங்குகிற பலம் வேணும். லிஸ்பனில் 1885-லிருந்து இருக்கும் குளோரியா இழுவை வண்டியில், 2025 செப்டம்பர் 3 அன்று கயிறு பிடியிலிருந்து கழன்றது. ஓட்டுநர் பிரேக் போட்டார். மறுமுனைப் பெட்டியின் எடை இழுத்துப் பிடிக்காத நிலையில் அந்த பிரேக்கால் வண்டியை நிறுத்த முடியவில்லை. 16 பேர் இறந்தார்கள்.

இப்போ ரோப்காருக்கு வருவோம். பழனியில் அது வந்தது 2004-ல். தண்டவாளமே கிடையாது, கயிறு போனால் பெட்டி எதைக் கவ்வும்? பிரேக் எல்லாம் கயிற்றை ஓட்டும் சக்கரத்தில்தான். பெட்டியை அந்தரத்தில் பிடித்திருப்பது கயிற்றைக் கவ்விய ஒரு பிடி மட்டுமே. 2007 ஆகஸ்ட் 26-ல் நடந்த விபத்தில் நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

ஆக, இங்கே கடைசி பிரேக் என்பது அந்த விடுமுறை நாள்தான். கயிறு, பிடி, உருளைகளை எல்லாம் பார்த்து, தேய்ந்ததை மாற்றுவார்கள். பிறகு ஆட்களுக்குப் பதிலாகப் பெட்டிகளில் எடைக்கற்களை ஏற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். மலையேறும் முதல் பக்தர் ஒரு கல்!