வினை முந்தும் இரு வாக்கியங்கள்

மன்னாரின் பேசாலைக் கரையில், மீன்பிடி முதலாளி வந்ததும், "வந்திட்டார் அண்ணை, சம்மாட்டியார்" என்பார்கள். அதே மன்னாரின் பாலாவிக் கரைத் திருக்கேதீச்சரத்தைச் சுந்தரர் பாடிய பதிகத்தில் 'உறைகின்றான்' என்ற வினை முந்திக்கொள்ள, உறைபவன் அடியின் கடைசியில் வருகிறான். முன்னது மீன் விலை பேசும் வாய். பின்னது எட்டாம் நூற்றாண்டுத் தேவாரம், அதுவும் இராமேச்சரத்தில் நின்றே பாடியது என்கிறார் சேக்கிழார். எழுவாய்க்குப் பின் பயனிலை என்ற பள்ளிக்கூட வரிசையை இரண்டுமே கவிழ்க்கின்றன.

காரணங்கள் வேறு. கரையில் அவசரம்: செய்தி முதலில், ஆள் பிறகு. பதிகத்தில் யாப்பு: பாட்டுக்குப் பாட்டு எதுகை மாறினாலும், முதல் ஒன்பதும் கேதீச்சரத்தானிடமே வந்து நிற்க வேண்டும்.

ஆனால் கடைசிக்குப் போவது இரண்டிலும் கேட்பவர் முன்பே அறிந்த ஒன்று. கரையில் எல்லோரும் சம்மாட்டியாருக்காகவே காத்திருந்தார்கள்; பதிகம் யார்மீது என்பது முதற்பாட்டிலேயே தெரிந்துவிடும். அறியாத ஆளை இப்படிப் பின்னே தள்ள முடியாது. "ஆர் வந்திட்டார்?" என்று கேட்கலாம், "வந்திட்டார் ஆர்?" என்று எவரும் கேட்பதில்லை.

ஆங்கிலக் கவிதை கவிழும் திசை நமக்கு நேரெதிர். 1667இல் வெளிவந்த 'இழந்த சொர்க்கம்' காவியத் தொடக்கத்தில், 'பாடு' என்னும் ஏவலை மில்டன் ஆறாம் அடிவரை ஒத்திவைக்கிறார். அவருக்கு அது மீறல். நமக்கோ வினையைக் கடைசியில் வைப்பது அன்றாட வழக்கு.

மன்னாரின் இரு வாக்கியங்களையும் பிரிப்பது குரல். பேச்சில் வினைக்குப் பின் வரும் சொல் தணிந்து தேயும். ஓதுகையில் அதே இடத்தில் ஏகாரம் நீண்டு ஒலிக்கும். பேச்சுக்குக் கட்டுப்பாடும் அதிகம். 'பிடிச்ச சூடை' (சூடை ஒரு மீன்) என்பதை உடைத்து ஒரு சொல்லை முன்னும் மறுசொல்லைப் பின்னும் போட இயலாது. செய்யுளிலோ, அடிகள் பலவற்றில் சிதறிய சொற்களைப் பொருந்துமாறு கூட்டிக்கொள்ள 'கொண்டுகூட்டு' என நன்னூலே இடம் தருகிறது. இந்தப் பதிகத்தில் சுந்தரருக்கு அது பெரிதாகத் தேவைப்படவில்லை.

எனக்கு மிகப் பிடித்தது பத்தாம் பாட்டு. அதில் கேதீச்சரத்தான் நடுவுக்கு நகர்ந்துவிட, பதிகத்தைச் சொல்வோரைச் சேராது தீவினை என்ற வரிசையில் பாட்டு முடிகிறது. எதிர்மறை வினை முன், எழுவாய் பின். "கிடைக்காது இண்டைக்குச் சூடை" என்று வலையை உதறிக்கொண்டு சொல்பவரின் வரிசையும் அதுவே. பதிகப் பயன் கேட்டுப் பழகியவருக்குத் தீவினை பற்றிய பேச்சு புதிதல்ல. சேராது என்பதே செய்தி.