பரதேசிக்குப் பின்னால் ஓடிய வித்வான்

ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்தில் சோலிட்யூட் என்று ஒரு பழைய அரண்மனை. 1990 முதல் அங்கே ஓர் அகாடமி நடக்கிறது. எழுத்து, இசை, ஓவியம், ஆராய்ச்சி என்று பல துறை இளைஞர்களைக் கூப்பிட்டு, தங்க இடமும் கைச்செலவுக்குப் பணமும் கொடுத்து "உன் வேலையைப் பாரு" என்று விட்டுவிடுகிறார்கள். "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கேப்பா?" என்று கேட்பீங்க. இருந்ததுங்க. ஆரம்பம் எங்க திருச்சியில்தான்!

திரிசிரபுரம் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815-ல் திருச்சி பக்கம் அதவத்தூரில் பிறந்தவர். வசதி கிடையாது. தண்டியலங்காரம் படிக்க ஆசை, ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அது தெரிந்த ஒரு பரதேசி தெருத்தெருவாகப் பிச்சை எடுக்கும்போது, பின்னாலேயே போய்ப் பாடம் கேட்டார். இன்னிக்கு ஸ்காலர்ஷிப் வரலைன்னு புலம்புறோம்!

பின்னாளில் அவர் செய்ததுதான் விசேஷம். யார் வந்து கேட்டாலும் இலவசமாகப் பாடம் சொன்னார். லால்குடி பக்கம் பூவாளூர் தியாகராச செட்டியார், புதுவை சவரிராயலு நாயக்கர், நாகூர் குலாம் காதிறு நாவலர்... சைவர், கிறிஸ்தவர், முஸ்லிம், எல்லோரும் அவர் மாணவர்கள். பணம்? ஊர்க்காரர்கள் கேட்டு அவர் பாடிய தலபுராணங்களே இருபதுக்கு மேல். அதில் வந்ததெல்லாம் வந்தவர்களுக்கே போய்விடும். மிச்சம், கடன்.

1871-ல், அவர் மாயூரத்தில் இருந்தபோது, பதினாறு வயது உ.வே.சாமிநாதையர் வந்து சேர்ந்தார். அப்பா சங்கீதக்காரர், பையனை அதே ஊரில் கோபாலகிருஷ்ண பாரதியிடமும் பாட்டு கற்க விட்டிருந்தார். நந்தனார் கீர்த்தனை பாடினாரே, அவரேதான். பாரதியார் வாயால் பிள்ளைக்கு இது தெரியவந்தது. சங்கீதத்தில் புகுந்தால் இலக்கியத்தில் கவனம் குறையும் என்றார் பிள்ளை. பாட்டு அதோடு நின்றது. இவ்வளவு பெரிய மனசுக்கும் இந்த ஒரு கதவு மூடியே இருந்தது என்பதுதான் எனக்கு வருத்தம்.

1876-ல் பிள்ளை காலமானார். அத்தோடு எல்லாம் முடிந்திருக்கணும். முடியவில்லை, ஏன்னா பின்னால் திருவாவடுதுறை மடம் இருந்தது. சுப்பிரமணிய தேசிகர் சாமிநாதையரை அங்கேயே வைத்துப் பாடம் சொன்னார், ஆதரித்தார். சம்ஸ்கிருத பண்டிதர், சங்கீத வித்வான் என்று பலரும் வந்துபோகிற இடம் அது. 1880-ல் தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தான் பார்த்த வேலையையே அவருக்கு வாங்கித் தந்தார். சம்பளம் 50 ரூபாய். 1887-ல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு...

யோசித்துப் பாருங்க. நடுவில் அந்த நாலு வருஷம் சோறு போட ஆள் இல்லாமல், பையன் ஏதாவது கணக்கு வேலைக்குப் போயிருந்தால்? ஒரு நல்ல மனுஷர் எவ்வளவு கொடுத்தாலும் அவர் ஆயுசோடு சரி. அவருக்குப் பிறகும் அடுப்பு எரிய ஒரு அமைப்பு வேணும். பிள்ளை பிள்ளைத்தமிழ் பாடிய அகிலாண்டேஸ்வரி இன்னும் திருவானைக்காவில்தான் இருக்கிறாள். அடுத்த தடவை ஸ்ரீரங்கம் போறவங்க அங்கேயும் எட்டிப் பாருங்க, அவரையும் ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.