ரிமோட்டால் குறிபார்த்த திகில்: ரெசிடென்ட் ஈவில் 4-இன் வீ பதிப்பு

ரெசிடென்ட் ஈவில் 4 ஜப்பானின் காப்காம் நிறுவனம் உருவாக்கிய திகில் வீடியோ கேம். 2005 ஜனவரியில் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்கு வெளியான இது, 2007-இல் அதே நின்டெண்டோவின் வீ கருவிக்காக மறுபடி வந்தது. ஜப்பானில் மே 31 அன்றும், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஜூன் மாதத்திலும் விற்பனை தொடங்கியது. கதை அப்படியே இருந்தது. துப்பாக்கியைக் குறிபார்க்கும் முறைதான் மாறியது.

இந்த வரிசையின் முதல் விளையாட்டு 1996-இல் பிளேஸ்டேஷனில் வந்தது. அதில் கேமரா அறையின் ஒரு மூலையில் அசையாமல் நிற்கும்; பாத்திரமோ மாட்டுவண்டி திரும்புவதுபோல நின்ற இடத்திலேயே மெல்லத் திரும்பித்தான் நடக்கும். திரைக்கு வெளியே நடைபிணம் ஊர்ந்து வரும் ஓசை கேட்கும், ஆள் தெரியாது. கையில் இருக்கும் தோட்டாக்களும் சொற்பம். கைக்கு வசப்படாத கட்டுப்பாடே பயத்தில் பாதியைக் கொடுத்தது.

நான்காம் பாகத்துக்காக எழுதிய வரைவுகள் பல கைவிடப்பட்டன. அவற்றில் ஒன்று திகில் வரிசைக்கே பொருந்தாமல் போய், 2001-இல் டெவில் மே க்ரை என்ற தனி விளையாட்டானது. கடைசியில் முதல் பாகத்தை இயக்கிய ஷின்ஜி மிகாமியே பொறுப்பேற்றார். மூலையில் நின்ற கேமராவை நாயகன் லியான் கென்னடியின் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்தார். அமெரிக்க அதிபரின் மகளைத் தேடி ஸ்பெயினின் ஒரு கிராமத்துக்குப் போகும் லியானை, ஒட்டுண்ணி பீடித்த ஊர்மக்கள் அரிவாளும் கவைக்கோலுமாகச் சூழ்கிறார்கள். முழங்காலில் சுட்டால் ஒருவன் தடுமாறுவான். கையில் சுட்டால் ஆயுதம் நழுவும். வெடிமருந்துக் குச்சியை ஓங்கியவனின் கையில் சரியாகப் பட்டால் பக்கத்தில் நிற்பவர்களும் சேர்ந்து போவார்கள். ஆனால் துப்பாக்கியைத் தூக்கிவிட்டால் லியானால் ஓர் அடிகூட எடுத்துவைக்க முடியாது. தலையைச் சாக்கால் மூடிய ஒருவன் சங்கிலி ரம்பத்துடன் ஓடிவரும்போது, நின்று சுடுவதா, திரும்பி ஓடுவதா என்று தீர்மானிக்க ஓரிரு நொடிதான் கிடைக்கும்.

இது கேம்கியூபில் மட்டுமே வரும், வேறு கருவிக்குப் போனால் தலையை வெட்டிக்கொள்வேன் என்ற அளவுக்கு மிகாமி பேசியிருந்தார். வணிகக் கணக்கு வேறாக இருந்தது. உலகம் முழுக்க விற்ற கேம்கியூப்கள் சுமார் 2 கோடி. பிளேஸ்டேஷன் 2 அதைப்போல ஏழு மடங்குக்கு மேல் விற்றது. கேம்கியூப் பதிப்பு கடைக்கு வருமுன்பே பிளேஸ்டேஷன் 2 பதிப்பை காப்காம் அறிவித்துவிட்டது.

2006 இறுதியில் வந்த வீ, தொலைக்காட்சி ரிமோட் போன்ற ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை நம்பிக் களமிறங்கியது. தொலைக்காட்சிமேல் வைக்கும் பட்டை, பெயருக்குத்தான் சென்சார். உண்மையில் அது அகச்சிவப்பு ஒளியை உமிழ்வதோடு சரி. அந்த ஒளிப்புள்ளிகளை ரிமோட்டின் முனையில் உள்ள சிறு கேமரா பார்த்து, கை திரையின் எந்த இடத்தைச் சுட்டுகிறது என்பதைக் கணக்கிடும். கையசைவை உணர ரிமோட்டுக்குள் ஒரு முடுக்கமானியும் உண்டு. இடது கையில் பிடிக்கும் நன்சக் என்ற துணைக் கருவி நடப்பதற்கு.

வீ பதிப்பில் லியானின் துப்பாக்கியிலிருந்து நீளும் சிவப்பு லேசர் கோடு போய், திரையில் ஒரு குறிவட்டம் வந்தது. ரிமோட்டின் அடிப்பக்க விசையை அழுத்திக்கொண்டு சுட்டினால் வட்டம் கையோடு ஓடும். முன்பு கட்டுப்பாட்டுக் குச்சியை நகர்த்தி நகர்த்திச் சரிசெய்த குறி, மணிக்கட்டின் ஒரு சிறு திருப்பத்தில் கிடைத்தது. ரிமோட்டை வீசினால் கத்தி பாயும். ஆனால் வீசிய திசையைக் கத்தி பின்பற்றுவதில்லை. எப்படி ஆட்டினாலும் ஒரே வெட்டுதான். அசைவுக் கட்டுப்பாடு என்று விளம்பரமான இந்தப் பதிப்பை உயர்த்தியது அசைவு அல்ல, சுட்டுதல்தான். குறி எளிதானதால் பயம் ஓரளவு குறைந்தது என்பதையும் மறுக்க முடியாது; நின்றுதான் சுட வேண்டும் என்ற பழைய விதி மாறாததே மீதிப் பயத்தைக் காப்பாற்றியது.

பிளேஸ்டேஷன் 2 பதிப்புக்காகச் சேர்த்த துணைக் கதையும் இதில் இருந்தது. அதோடு கேம்கியூபின் தெளிவான காட்சிகளும் அகலத் திரையும் கிடைத்தன. அமெரிக்காவில் விலை 30 டாலர், அன்றைய புது விளையாட்டுகளைவிடக் குறைவு. பழைய விளையாட்டின் மறுபதிப்பாக இருந்தும் 20 லட்சம் பிரதிகள் விற்றன.

அதே 2007-இல் வீ கருவிக்கு வந்த இந்த வரிசையின் இன்னொரு விளையாட்டான அம்ப்ரெல்லா கிரானிக்கிள்ஸ், நடையை விளையாட்டே பார்த்துக்கொள்ள, குறிபார்ப்பதை மட்டும் விளையாடுபவரிடம் விட்டது. 2010-இல் சோனியின் மூவ் என்ற அசைவுக் கோலாலும் ஐந்தாம் பாகத்தை விளையாட முடிந்தது. நான்காம் பாகமே 2011-இல் பிளேஸ்டேஷன் 3-இலும் எக்ஸ்பாக்ஸ் 360-இலும் வந்தபோது சுட்டும் முறை இல்லை. 2021 அக்டோபரில் ஆர்மேச்சர் ஸ்டுடியோ அதை குவெஸ்ட் 2 மெய்நிகர் கருவிக்கு மாற்றியது. அதில் துப்பாக்கி ஒரு கையிலும் கத்தி மறுகையிலுமாக இருக்க, கத்தி கை போகும் வழியே போயிற்று. நடந்துகொண்டே சுடவும் முடிந்தது.