கம்பவுண்டருக்குப் பின்

'கம்பவுண்டர்' என்னும் சொல் தமிழிலும் மலையாளத்திலும் இன்றும் வழங்குகிறது. அது குறித்த தொழிலோ ஏறத்தாழ மறைந்துவிட்டது. மருத்துவர் எழுதிய சீட்டைப் பார்த்துப் பொடியை நிறுத்து, பிசினோடு அரைத்து, நீர் சேர்த்துப் புட்டியில் ஊற்றித் தந்தவர் அவர். புட்டியின் மேல் ஒட்டிய காகிதப்பட்டையின் வெட்டுகள் ஒவ்வொரு வேளைக்கும் உரிய அளவைக் காட்டின. குழந்தைக்கான அளவை அவர் கையே முடிவு செய்தது.

அந்தக் கை எப்போதும் நம்பத் தகுந்ததாக இருந்ததில்லை. 1930இல் ஆர். என். சோப்ரா தலைமையில் அமைந்த மருந்து விசாரணைக் குழு, மருந்தின் தரத்தையும் மருந்தாளுநர் தொழிலின் நிலையையும் ஆராய்ந்தது. 1940இல் மருந்துச் சட்டமும் 1948இல் மருந்தாளுநர் சட்டமும் வந்தன.

ஆயினும் ஆலை மருந்தும் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. 1937இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று, மாத்திரையாக இருந்த சல்பனிலமைடைத் திரவமாக்க டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுக் கரைப்பானைப் பயன்படுத்தியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் பலர் குழந்தைகள். 1970களின் தொடக்கத்தில் சென்னையிலும் அதே நஞ்சு குழந்தைகளின் உயிரைப் பறித்தது. ஆலைச் சரக்கைச் சோதிக்கும் ஏற்பாடுகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை இத்தகைய மரணங்களே உணர்த்தின. கொச்சியை அடுத்த காக்கநாட்டில் உள்ள அரசு மருந்துப் பரிசோதனைக் கூடம் அவ்வகை ஏற்பாடுகளுள் ஒன்று.

பதிவு பெற்ற மருந்தாளுநரின் மேற்பார்வையில் கடையில் மருந்து கலப்பதை இந்திய விதிகள் இன்றும் அனுமதிக்கின்றன. கம்பவுண்டரின் இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது ஆயத்த மாத்திரைதான். அதுவோ பெரியவரின் உடலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது.

இதன் விளைவு மருத்துவமனையை விட்டு வீடு திரும்பும் நாளில் தெரிகிறது. இதய நோயுள்ள 4 கிலோ எடைக் குழந்தைக்கு, கிலோவுக்கு 1 மில்லிகிராம் வீதம் ஸ்பைரோனோலாக்டோன் எழுதப்படுகிறது எனக் கொள்வோம். தேவை 4 மில்லிகிராம்; கடையில் கிடைப்பது 25 மில்லிகிராம் மாத்திரை. வார்டில் செவிலியர் பிரித்துத் தந்ததை வீட்டில் தாய் பொடித்து நீரில் கலக்குகிறார். அம்மருந்து நீரில் எளிதில் கரைவதில்லை, அடியில் படிந்துவிடும். மேலே எடுத்த கரண்டியில் மருந்து குறையும், அடியில் எடுத்ததில் மிகும். கம்பவுண்டர் பிசின் சேர்த்தது இதைத் தவிர்க்கத்தான்.

உலக சுகாதார நிறுவனம் குழந்தைகளுக்கெனத் தனி அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது 2007இல்தான். பொதுவான பட்டியல் 1977இலேயே வந்துவிட்டது. இடைப்பட்ட 30 ஆண்டுகளே குழந்தையின் அளவுக்கு மருந்துலகு தந்த இடத்தைச் சொல்லும்.

மருந்து கலக்கும் வேலை ஒழியவில்லை; பயின்றவர் கையிலிருந்து பயிலாதவர் கைக்கு மாறிவிட்டது. ஆலைப் புட்டியிலிருந்து காக்கநாட்டுக் கூடத்துக்கு மாதிரி போகும். தாய் கலக்கிய கரண்டியிலிருந்து எந்த மாதிரியும் எங்கும் போவதில்லை.