மலபார்ச் சடங்குச் சர்ச்சை

மலபார்ச் சடங்குச் சர்ச்சை என்பது, கிறிஸ்தவரான தமிழர் தங்கள் பழைய வழக்கங்களில் எவற்றை வைத்துக்கொள்ளலாம், எவற்றைக் கைவிட வேண்டும் என்பது பற்றிக் கத்தோலிக்க மறைப்பணியாளருக்குள் நடந்த நீண்ட வழக்கு. 1610-இல் மதுரையில் ஒரு குரு இன்னொரு குருவைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிய புகாரில் தொடங்கி, 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் விடுத்த ஆணையில் முடிந்தது. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழ்மொழியையும் 'மலபார்' என்றே குறித்ததால் இப்பெயர் அமைந்தது. வழக்கின் களங்கள் மதுரையும் புதுச்சேரியுமே.

பின்னணி

1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர் திருமுழுக்குப் பெற்றபோது, போர்த்துக்கீசியப் பெயர்களும் கிறிஸ்தவத்தோடு சேர்ந்து வந்தன. கிறிஸ்தவராவதும் பரங்கியரோடு சேர்வதும் ஒன்றாகவே பார்க்கப்பட்டன. உள்நாட்டில் பரங்கியர் என்றால் மாட்டிறைச்சி தின்பவர், மது அருந்துபவர், ஆசாரம் அற்றவர் என்பதே பொருள். மதுரையில் பல ஆண்டுகள் பணியாற்றிய போர்த்துக்கீசிய இயேசு சபைக் குரு கொன்சாலோ பெர்னாண்டஸ், அங்கே குடியேறியிருந்த பரதவரின் ஆன்மிகத் தேவைகளைக் கவனித்துவந்தார். பள்ளியும் மருத்துவ உதவியும் நடத்தினார். ஆனாலும் நகரத்து மேல்சாதியார் அவர் போதனையை ஏற்கவில்லை. திருமுழுக்குக்கு வருபவரிடம், பரங்கி மார்க்கத்தில் சேர விருப்பமா என்றே கேட்கும் வழக்கம் இருந்தது.

மதுரை வழக்கு (1610–1623)

1606-இல் மதுரை வந்த இத்தாலியரான இராபர்ட் தெ நொபிலி (1577–1656) இந்தக் கேள்வியையே மாற்றினார். காவி உடுத்து, பாதக்குறடு அணிந்து, புலால் நீக்கி, பிராமணச் சமையற்காரரை அமர்த்திக்கொண்டு தனிக் குடிலில் துறவியாக வாழ்ந்தார். தாம் பரங்கியர் அல்லர், உரோமையிலிருந்து வந்த ராஜகுலத்தவர் என்று அறிவித்தார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் வடமொழி கற்றார். தத்துவ போதகர் என்று பெயர் பெற்றார். திருப்பலியை 'பூசை' என்று அவர் வழங்கிய சொல் இன்றும் தமிழ்க் கத்தோலிக்கர் பேச்சில் இருக்கிறது. அவரிடம் திருமுழுக்குப் பெற்ற பிராமணர் பூணூலையும் குடுமியையும் விடவில்லை. நெற்றிச் சந்தனமும் நீராடலும் அப்படியே தொடர்ந்தன.

இவை நம்பிக்கையில் கலந்த அஞ்ஞானம் என்பது பெர்னாண்டசின் குற்றச்சாட்டு. பூணூலும் குடுமியும் குலத்தின் அடையாளங்களே என்று நொபிலி வாதிட்டார். வழிபாட்டுக்குரியதையும் சமூக வழக்கத்தையும் பிரித்தறிய வேண்டும் என்று சொல்லி, வடமொழி நூல்களிலிருந்து சான்று காட்டினார். பெர்னாண்டசும் சளைக்கவில்லை. பிராமணச் சடங்குகளை விரிவாகத் தொகுத்து, அவை சமயத்தோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தவை என்று 1616-இல் ஒரு நூலே எழுதினார். இன்று அந்நூல் தென்னிந்தியச் சடங்குகள் பற்றிய ஆவணமாக மதிக்கப்படுகிறது.

நொபிலியின் உறவினரான கர்தினால் பெல்லார்மினே செய்தி கேட்டு மனம் வருந்திக் கடிதம் எழுதினார். விளக்கம் கிடைத்த பின் அமைதியடைந்தார். 1619-இல் கோவாவில் கூடிய ஆய்வில் பேராயர் கிறிஸ்தோவான் தெ சா நொபிலிக்கு எதிராக நின்றார். கொடுங்கல்லூர்ப் பேராயர் பிரான்சிஸ் ரோஸ் அவர் பக்கம் நின்றார். 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றுக்கு அனுமதி தந்தார். மூடநம்பிக்கையும் பழைய மந்திரமும் கலக்கக் கூடாது என்பது நிபந்தனை. உயர்குலத்தார் தாழ்ந்தவராகக் கருதப்படுவோரை இகழலாகாது என்ற வேண்டுகோளும் அதே ஆணையில் இருந்தது. பின்னாளில் வழக்கு திரும்பி வந்தபோது இந்த வேண்டுகோள் தொட்ட பிரச்சினையும் கூடவே வந்தது.

பண்டாரசாமிகள்

பிராமணத் துறவிபோல் வாழ்ந்த குரு, தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டவரின் வீட்டுக்குள் நுழைந்தால் மேல்சாதியாரிடையே மதிப்பிழப்பார். இதற்கு வழியாக 1640 முதல், பிராமணரல்லாத துறவியரான பண்டாரங்களின் கோலத்தில் இன்னொரு வகைக் குருக்கள் ஏற்பட்டனர். பால்தசார் தா கோஸ்தா அவர்களில் முதல்வர். 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்ட அருளானந்தரும் பண்டாரசாமியே. இந்த ஏற்பாட்டால் மறைப்பணி பரவியது. அதே சமயம் சாதிப் பிரிவினை திருச்சபையின் அமைப்புக்குள்ளேயே இடம்பிடித்தது.

துர்னோன் ஆணை (1704)

அடுத்த மோதல் புதுச்சேரியில். அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவரைக் கவனிக்கும் பொறுப்பு கப்புச்சின் சபையாரிடமிருந்து பிரெஞ்சு இயேசு சபையாருக்கு மாறியது. பொறுப்பை இழந்தவர்கள் உரோமைக்கு முறையிட்டனர். எனவே சடங்குக் குறையோடு சபைகளின் போட்டியும் கலந்தது. சீனா செல்லும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கிய திருத்தந்தைத் தூதர் துர்னோன் வழக்கை எடுத்துக்கொண்டார். உடல்நலம் குன்றியிருந்த அவர் உள்நாட்டு மறைப்பணித் தளங்களைப் பார்க்கவில்லை; பூஷே முதலிய இயேசு சபையாரிடம் கேட்டறிந்து, 1704 ஜூன் 23 தேதியிட்டு 16 விதிகள் கொண்ட ஆணையை விடுத்தார்.

அவ்விதிகளைப் படித்தால் அன்றைய தமிழ்க் கிறிஸ்தவரின் வீடும் வாசலும் கண்முன் வரும். குரு தம் உமிழ்நீரைத் தொட்டுக் குழந்தையின் காதிலும் மூக்கிலும் வைப்பதும் முகத்தில் ஊதுவதும் திருமுழுக்குச் சடங்கின் பகுதிகள். எச்சிலைத் தீட்டாகக் கருதும் தமிழருக்காக இவை விடப்பட்டிருந்தன. இனி விடக் கூடாது என்றது ஆணை. பிள்ளையார் உருவம் பொறித்த தாலிக்கும், மஞ்சள் பூசிய 108 இழைத் தாலிக்கயிற்றுக்கும் தடை வந்தது. திருமணத்தில் தேங்காய் உடைத்துச் சகுனம் பார்ப்பது, பூப்பு விழா கொண்டாடுவது, கிறிஸ்தவ இசைக்கலைஞர் கோயில் திருவிழாவில் வாசிப்பது, நெற்றியில் நீறு பூசுவது ஆகியவையும் விலக்கப்பட்டன. மாதவிலக்கான பெண்களைக் கோயிலுக்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் வரவிடாமல் தடுக்கக் கூடாது என்றது ஆணை. நோயுற்ற பறையரை அவர்கள் வீட்டுக்கே சென்று பார்த்து அருளடையாளங்கள் வழங்க வேண்டும் என்றும் ஆணையிடப்பட்டது. வேற்று நாட்டு வழக்கத்தைத் திணிக்கும் விதிகளும் ஒதுக்கப்பட்டோருக்குப் பரிந்து பேசும் விதிகளும் ஒரே தாளில் இருந்தன.

உரோமையின் முடிவு

இந்த விதிகளின்படி நடந்தால் மறைப்பணியே சரியும் என்று இயேசு சபையார் முறையிட்டனர். அவர்களில் ஒருவரான பிரான்சிஸ்கோ லைனஸ் 1707-இல் உரோமையில் மறுப்பு நூல் வெளியிட்டார். துர்னோன் சீனச் சடங்குகளையும் கண்டித்து, காவலில் இருந்தபடியே 1710-இல் மக்காவில் இறந்தார். 1734-இல் பன்னிரண்டாம் கிளமெண்ட் சில விதிகளைத் தளர்த்தி, உமிழ்நீர், ஊதுதல் ஆகியவற்றுக்குப் பத்தாண்டு விலக்கு அளித்தார். 1739-இல் ஆணைக்குக் கீழ்ப்படிவதாக மறைப்பணியாளர் சத்தியம் செய்ய வேண்டும் என்ற விதி வந்தது. 1744 செப்டம்பர் 12 அன்று வெளியான 'ஓம்னியும் சொலிசிதூதினும்' ஆணை வாதத்தை முடித்து வைத்தது. பறையருக்கெனத் தனிக் குருக்களை அமர்த்தலாம் என்ற இயேசு சபையாரின் யோசனை அதில் ஏற்கப்பட்டது. அதே ஆண்டு கப்புச்சின் துறவி நோர்பெர் வெளியிட்ட வரலாற்று நூல், இந்தச் சண்டையை ஐரோப்பாவில் இயேசு சபைக்கு எதிரான ஆயுதமாக்கியது.

தனிக் குருக்கள் என்ற ஏற்பாடு சாதியைத் தொடவில்லை. ஆணை வந்து ஓராண்டுக்குப் பின், 1745 அக்டோபரில், புதுச்சேரிச் சம்பாக் கோயிலுக்குள் பறையரையும் பிறரையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். பறையர் திரண்டு சென்று குருவிடம் முறையிட்ட பிறகே அது இடிக்கப்பட்டது. சந்தனத்துக்கும் தாலிக்கும் உரோமை வரை சென்று வாதாடியவர்கள் இருந்த ஊரில், அந்தச் சுவருக்கு எதிராக வாதாடியவர்கள் அதன் மறுபுறம் நிறுத்தப்பட்டவர்களே.

பிற்காலம்

மறைப்பணியாளர் செய்த சத்தியம் 1940 ஏப்ரலில் நீக்கப்பட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1969 ஏப்ரலில், இந்திய வழிபாட்டுக்கான 12 மாற்றங்களை உரோமை ஏற்றது. தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், ஆரத்தி ஆகியவை அவற்றுள் அடங்கும். இது இந்துமயமாக்கல் என்று மரபுவாதிகள் குறை கூறினர். இந்தியப் பண்பாடு என்ற பெயரில் மேல்சாதி வழக்கமே பீடமேறுகிறது என்று தலித் கிறிஸ்தவச் சிந்தனையாளர் கண்டித்தனர். எது நம்பிக்கை, எது வழக்கம் என்று நொபிலி எழுப்பிய கேள்வியோடு, அந்த வழக்கம் யாருடையது என்ற கேள்வியும் இவர்களால் சேர்ந்தது.