எல்லைக்கு வெளியே மேயும் விலங்குகள்: சாம்பல் நிற அணிலும் ஆவுளியாவும்

தனியொரு பாலூட்டியின் பெயரில் தமிழ்நாட்டில் அமைந்த காப்பகங்களுள் இரண்டு, பரப்பளவில் ஏறக்குறைய ஒத்தவை. விருதுநகர் மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988இல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம் சுமார் 485 சதுர கி.மீ. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையையொட்டிப் பாக் விரிகுடாவில் 2022 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட கடற்பசுப் பாதுகாப்பகம் 448 சதுர கி.மீ. பட்டாசுக்குப் பெயர்போன, கடலே இல்லாத மாவட்டத்தில் கடல் விலங்குக்குப் பாடம் தேடுவது விநோதமாகப் படலாம். ஆனால் எல்லைக்கோடு எதைக் காக்கும், எதைக் காக்காது என்பதற்கு முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட சான்று அங்கே இருக்கிறது.

இந்த அணில் மரக்கிளைகள் ஒன்றோடொன்று பின்னும் இடத்தில் கூடு கட்டும்; கிளைவழியாகவே நடமாடும். ஆனால் சரணாலயத்தை ஒட்டிய செண்பகத்தோப்பு அடிவாரத்து மாந்தோப்பும் தென்னந்தோப்பும் பட்டா நிலம். அணிலுக்குப் பட்டா ஏது, காப்புக்காடு ஏது? தோப்புக்காரர் ஒரு வரிசை மரத்தை வெட்டினால் அதன் வழி அறுந்துபோகும். 2021இல் சரணாலயம் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. புலியின் பெயரால் வரும் நிதி அணிலுக்கும் உதவும்தான். தோப்புக்காரரின் ஒத்துழைப்பை அது தானாகப் பெற்றுத் தந்துவிடாது.

கடலில் இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. மீனவர்கள் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு 3 மீட்டர் நீளமும் 400 கிலோ எடையும் எட்டக்கூடியது. நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ கடல்புல்லை வேரோடு பிடுங்கித் தின்னும். மேய்ந்த தடம் படுகையில் உழவுசால் போல நீளும். கடல்புல் வளர்வது வெயில் எட்டும் ஆழமற்ற நீரில். நண்டும் இறாலும் மீன்குஞ்சும் அங்கேதான். ஆகவே நாட்டுப்படகும் அங்கேதான். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சுவிட மேலே வந்தாக வேண்டிய விலங்கு, திருக்கை வலையின் அகன்ற கண்ணியில் சிக்கினால், வலைக்காரர் திரும்பி வருமுன் மூச்சுமுட்டிச் செத்துவிடும். யாரும் கொல்ல நினைக்க வேண்டியதில்லை.

ஓர் ஈற்றுக்கு ஒரு குட்டி. சினைக்காலம் ஓராண்டுக்கும் மேல். அடுத்த ஈற்றுக்கு 3 முதல் 7 ஆண்டு இடைவெளி. இந்தியா முழுவதிலும் சுமார் 200 என்று மதிப்பிடப்படும் இனத்தில், ஆண்டுக்குச் சில பெண் விலங்குகள் வலையில் மாண்டாலே பிறப்பு ஈடுகொடுக்காது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது வேட்டைக்காரரைத் தடுக்கும். வலைக்கு அட்டவணை தெரியாது.

காப்பகத்தில் மீன்பிடிப்பையே நிறுத்திவிடலாமே என்போர் உண்டு. நாட்டுப்படகுக்காரரை வெளியேற்றினால் அந்நீரைத் தினமும் கவனிக்கும் கண்களும் போய்விடும். தண்டனைக்கு அஞ்சுபவர் செத்த ஆவுளியாவைச் சத்தமில்லாமல் கடலிலேயே விட்டுவிடுவார். ஆய்வாளருக்குச் சடலமும் கிடைக்காது, கணக்கும் கிடைக்காது. கடல்புல்லை வேரோடு வாரும் விசைப்படகின் இழுவை மடிதான் முதலில் கட்டுப்பட வேண்டியது. கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்பது 1983ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்திலேயே இருக்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை.

சிக்கிய ஆவுளியாவை வலையறுத்து விடுவித்த மீனவர்களுக்கு வனத்துறை பாராட்டும் வெகுமதியும் அளித்துள்ளது. வெகுமதி அதிகாரியின் மனத்தைப் பொறுத்தது. அறுபட்ட வலையின் முழு விலையும் இழந்த தொழில்நாளின் கூலியும் உரிமையாகவே கிடைக்க வேண்டும். வனத்துறையும் மீன்வளத்துறையும் மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து அவ்விதியை எழுதட்டும்.